தொலைவிலிருந்து பூட்லோடரைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதனம் எழும்போது முதலில் ஓடி, மற்ற மென்பொருளை ஏற்றும் நிரல்தான் பூட்லோடர். கைக்கெட்டாத இடத்தில் இருக்கும் சாதனத்துக்கு அப்டேட் அனுப்பும்போது, புது ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) முழுதாகப் போய்ச் சேருமா என்றுதான் பலரும் கவலைப்படுகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு. புதியது எழவே இல்லையென்றால், யாரும் தொடாமல் சாதனம் பழையதற்குத் தானாகத் திரும்புமா?

ஓடிக்கொண்டிருக்கும் ஒரே பார்ட்டிஷன் (சேமிப்பகத்தின் ஒரு பிரிவு) மேலேயே எழுதக் கூடாது, பழையதற்கும் புதியதற்கும் ஏ, பி என இரண்டு வேண்டும். இது இன்று பலருக்கும் தெரியும். சறுக்கல் அடுத்த படியில்தான்.

யூ-பூட் என்ற பூட்லோடரில் பூட்கவுன்ட் என்ற எண்ணிக்கை ஒவ்வொரு ரீசெட்டிலும் ஒன்று கூடும். அது பூட்லிமிட் என்ற வரம்பைத் தாண்டினால் வழக்கமான கட்டளைக்குப் பதில் ஆல்ட்பூட்சிஎம்டி என்ற மாற்றுக் கட்டளை ஓடும். பழைய பார்ட்டிஷனுக்குத் திரும்பும் வழியை அதில் எழுதி வைக்கலாம். ஆனால் பலர் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே இந்த எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுந்துவிட்டது, நெட்வொர்க் டிரைவர் எழவில்லை என்று வையுங்கள். சாதனம் தன்னை நலம் என்று நினைத்துக்கொள்ளும், நம்மால் அதை இனி எட்ட முடியாது. சர்வரைத் தொடர்புகொண்டு, அடுத்த அப்டேட்டைப் பெற முடியும் என்று உறுதியான பிறகே பூஜ்யமாக்குங்கள். மைக்ரோகன்ட்ரோலர்களுக்கான பூட்லோடரான எம்சியூபூட்டில் புது இமேஜை (ஃபர்ம்வேர் கோப்பை) 'கன்ஃபர்ம்' செய்வதற்கும் இதே விதிதான்.

வாட்ச்டாக் (சாதனம் உறைந்தால் தானாக ரீசெட் செய்யும் டைமர்) இல்லாமல் இந்த ஏற்பாடு பாதிதான். கெர்னல் நடுவில் உறைந்தால் ரீசெட் நடக்காது, எண்ணிக்கையும் கூடாது. பூட்லோடரிலேயே வாட்ச்டாக்கை இயக்கிவிடுங்கள்.

என்விரான்மென்ட்டை (யூ-பூட் சேமித்து வைக்கும் அமைப்புகளை) ஒரே பிரதியாக வைப்பதும் ஆபத்து. எழுதும்போது மின்சாரம் போனால் சிஆர்சி (தரவு சிதைந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பொருந்தாது. யூ-பூட் டீஃபால்ட் மதிப்புகளுக்குப் போய்விடும், எந்தப் பார்ட்டிஷன் என்ற தகவலும் அதோடு போகும். இரண்டு பிரதிகள் வையுங்கள். லினக்ஸிலிருந்து இந்த என்விரான்மென்ட்டைப் படித்து எழுதும் கருவியின் கான்ஃபிக் ஃபைலில் உள்ள ஆஃப்செட்டும் (தொடங்கும் இடமும்) அளவும் பூட்லோடரில் உள்ளவையும் ஒன்றா என்பதையும் பாருங்கள். தவறினால் வேறெதன் மேலோ எழுதிவிடும்.

சோதனை மேசையில் சீரியல் கேபிள் வழியே ஸ்கிரிப்ட் ஓட்டுபவர்கள், மூன்று நொடி காத்திருந்து கட்டளை அனுப்புவது என்ற பழக்கத்தை விட வேண்டும். ப்ராம்ப்ட் (கட்டளைக்குக் காத்திருக்கும் அடையாளம்) வந்ததைப் படித்த பிறகே அடுத்த வரியை அனுப்புங்கள்.

களத்தில் பிரச்சினை இதற்கு நேர்மாறானது, அங்கே யாரும் எதுவும் தட்டாமலே சாதனம் நின்றுவிடலாம். எதோடும் இணைக்காத ஆர்எக்ஸ் பின்னில் (சீரியல் தரவைப் பெறும் பின்னில்) வரும் இரைச்சலையே ஒரு விசை அழுத்தம் என்று யூ-பூட் எடுத்துக்கொண்டு, ஆட்டோபூட்டை (தானாக எழுவதை) நிறுத்திவிடும். சாதனம் ப்ராம்ப்டிலேயே நின்றுவிடும். தொலைவிலிருந்து பார்த்தால் செத்துப்போனது போலத்தான் தெரியும். களத்துக்குப் போகும் பில்டில் பூட்டிலே என்ற காத்திருப்பு நேர அமைப்பை -2 (விசையைப் பார்க்கவே வேண்டாம்) ஆக்குங்கள், அல்லது குறிப்பிட்ட சொல்லைத் தட்டினால் மட்டுமே நிற்கும்படி வையுங்கள்.

பூட்லோடரையே தொலைவிலிருந்து மாற்றுவதை, கட்டாயம் இல்லாவிட்டால் செய்யாதீர்கள். செய்தே ஆக வேண்டும் என்றால், இஎம்எம்சியில் (போர்டில் உள்ள ஃபிளாஷ் நினைவகத்தில்) உள்ள இரண்டு பூட் பார்ட்டிஷன்களில் பயன்பாட்டில் இல்லாததில் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டு, கடைசியாக மட்டும் பூட் தேர்வை மாற்றுங்கள். இந்த மாற்றத்துக்குப் பூட்கவுன்ட்டின் காவல் கிடையாது.