விசைப்படகுக்குக் கூடுதல் சக்தி வேண்டுமா? எஞ்சினைப் பிரிப்பதற்கு முன், புதிது வாங்குவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டிலும் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் ராமேஸ்வரத்திலும் தூத்துக்குடியிலும் விசைப்படகுகளின் பராமரிப்பு வேலை பெரும்பாலும் அந்த நாட்களில்தான் நடக்கும். பெயிண்ட், பலகை மாற்றம், மடி (கடலில் இழுத்துப் பிடிக்கும் இழுவலை) தைப்பது எல்லாம் ஒருபுறம் நடக்கும்போது, பல லட்சம் ரூபாய் கேள்வி ஒன்று மறுபுறம் ஓடும்: “மிஷினைப் பிரிச்சு வேலை பார்த்துரலாமா, இல்ல பெருசா புதுசு போட்டுரலாமாண்ணே?”

இதற்குப் பெரும்பாலும் பக்கத்துப் படகைப் பார்த்துத்தான் விடை சொல்லப்படுகிறது. அவர் பெரிய எஞ்சின் போட்டார், நாமும் போடுவோம் என்று. அப்படி எடுத்த முடிவுகளில் பணம் எங்கே வீணாகிறது என்பதை விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். வாங்கிய கடனை ஒவ்வொரு முறை கடலுக்குப் போய்வரும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும் குடும்பங்களுக்கு இது விளையாட்டுக் காரியம் இல்லை.

முதல் தவறு, படகைக் கரையேற்றிய பிறகு முடிவெடுப்பது. கரையில் நிற்கும் படகில் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுமை ஏறினால்தான் அதன் உண்மை நிலை வெளிப்படும். அதனால் மார்ச் மாதத்திலேயே, தொழிலுக்குப் போகும் ஒரு நாளில், சில விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முழு விசை கொடுத்தால் எஞ்சின் எத்தனை ஆர்.பி.எம். தொடுகிறது? அப்போது ஜி.பி.எஸ். எத்தனை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) வேகம் காட்டுகிறது? தண்ணீர் வெப்பம், ஆயில் அழுத்தம் எவ்வளவு? புகை என்ன நிறம்?

1,800 ஆர்.பி.எம். என்று தயாரிப்பாளர் சொன்ன எஞ்சின் முழு விசையிலும் 1,600-ஐத் தாண்டவில்லை என்றால், உடனே எஞ்சின் கிழடாகிவிட்டது என்று தீர்ப்பு எழுதக்கூடாது. படகின் அடியில் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்) அப்பியிருக்கலாம். படகைத் தள்ளும் காற்றாடியின் (புரொப்பெல்லரின்) இதழ் ஒன்று வளைந்திருக்கலாம். முன்பு யாரோ அளவுக்கு மீறிய காற்றாடியை மாட்டியிருக்கலாம். காற்று ஃபில்டர் அடைத்திருக்கலாம், எஞ்சின் அறைக்குள் போதிய காற்றே வராமல் இருக்கலாம், புகைக்குழாய் உள்ளே துருவேறிச் சுருங்கியிருக்கலாம். கறுப்புப் புகை என்றால் எரிபொருளுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை அல்லது சுமை அதிகம் என்று பொருள். டீசலைத் தூவும் நாசில் கெட்டிருந்தாலும் கறுப்பாகவே வரும். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம்) குறைந்திருக்கலாம், அல்லது தண்ணீர் உள்ளே இறங்கலாம். அடியைச் சுரண்டி, காற்றாடியைச் சரி செய்து, நாசிலையும் டீசல் பம்பையும் சோதனை மேசையில் ஏற்றிப் பார்த்தாலே தொலைந்துபோன ஆர்.பி.எம். திரும்பிவிட்ட படகுகள் நிறைய உண்டு. அந்தச் செலவு, எஞ்சின் பிரிக்கும் செலவில் சிறு பங்குதான்.

பிரித்து வேலை பார்த்தால் சக்தி கூடுமா?

கூடாது. லைனர் (சிலிண்டரின் உள்ளுறை), பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு எல்லாம் மாற்றினால், எஞ்சின் புதிதாக இருந்தபோது கொடுத்த சக்தி திரும்பக் கிடைக்கும். 120 குதிரைத்திறன் எஞ்சினை எவ்வளவு அழகாகப் பிரித்துச் சேர்த்தாலும் அது 120 குதிரைத்திறன் எஞ்சின்தான். தேய்ந்துபோன நிலையில் ஓட்டிப் பழகியவருக்கு அதுவே பெரிய மாற்றமாகத் தெரியும், அது வேறு விஷயம்.

இங்கேதான் ஆபத்தான ஆசை ஒன்று வரும்: “பம்ப்ல கொஞ்சம் ஏத்தி விட்டா போதும்.” டீசல் பம்பில் அளவைக் கூட்டினால் இழுவை கூடும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் டீசலை எரிக்கக் காற்று வேண்டும், எரிந்த வெப்பத்தை வெளியேற்றத் தண்ணீர் வேண்டும், அழுத்தத்தைத் தாங்க ஹெட் (எஞ்சினின் மேல்மூடி) கேஸ்கெட்டும் பேரிங்கும் வேண்டும். லாரிக்கு மேடு ஏறும் நேரம் மட்டும் முழுச் சுமை. மடி இழுக்கும் படகுக்கோ மணிக்கணக்கில் அதே சுமை. பம்பைக் கூட்டிய எஞ்சின்களில் பிஸ்டன் தலை உருகுவதும் ஹெட் விரிசல் விடுவதும் அதனால்தான். டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாத எஞ்சினில் வெளியிலிருந்து ஒரு டர்போவை மாட்டுவதும் இதே வகை. தயாரிப்பாளர் டர்போவுடன் விற்கும் எஞ்சினில் பிஸ்டனும், அதற்கு ஆயில் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஏற்பாடும், கம்ப்ரஷன் அளவும் வேறாக இருக்கும். அதையெல்லாம் மாற்றாமல் டர்போவை மட்டும் மாட்டுவது எஞ்சினின் ஆயுளை விற்றுச் சக்தி வாங்குவது.

அரைகுறையாகப் பிரிப்பது இன்னொரு தவறு. பழைய லைனரில் புது ரிங் போடுவது, பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கை அளக்காமல் புது பேரிங் மாட்டுவது, ஹெட்டை அழுத்தச் சோதனைக்கு அனுப்பாமலே திரும்ப ஏற்றுவது. முதலில் எஞ்சினைத் திறந்து அளக்க மட்டும் கூலி பேசுங்கள். பிளாக் (எஞ்சினின் உடல்), கிராங்க், ஹெட் ஆகிய மூன்றின் நிலை தெரிந்த பிறகு முழு வேலைக்கு விலை பேசுங்கள். கிராங்கை 0.25 மில்லிமீட்டர் படிகளாகச் சாணை பிடிப்பார்கள்; ஏற்கெனவே கடைசிப் படிக்கு வந்துவிட்டது என்றால் அடுத்த முறைக்கு இடமில்லை. லைனரின் தண்ணீர்ப் பக்கத்தில் குழி விழுந்திருக்கிறதா, பிளாக்கில் லைனர் உட்காரும் இடம் அரித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உப்புத் தண்ணீர் பிளாக்குக்குள் நேராக ஓடும் எஞ்சினில் இந்த அரிப்பு மிகக் கொடுமையாக இருக்கும். என் கணக்கு இது: அந்த மூன்றில் இரண்டு கெட்டிருந்தால் பிரித்த வேலையை நிறுத்திவிட வேண்டும். மூன்றும் நன்றாக இருந்து, பழைய சக்தியே உங்கள் தொழிலுக்குப் போதும் என்றால், புது எஞ்சின் கடன் உங்களுக்கு வேண்டாம்.

எதற்காகச் சக்தி வேண்டும்?

வேகத்துக்கா, இழுவைக்கா? இரண்டுக்கும் விடை வேறு.

இழுவைப்படகின் உடல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் வகை. நீரின் மேல் எழும்பிச் சறுக்கும் வகை இல்லை. இத்தகைய படகுக்கு ஓர் இயற்கையான வேக வரம்பு உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த வரம்பு நாட் கணக்கில் வரும். நீர்மட்ட நீளம் 49 அடி என்றால் வர்க்கமூலம் 7. வேகம் சுமார் 9.4 நாட். அதை நெருங்க நெருங்கப் படகு தானே எழுப்பிய அலையை ஏற முடியாமல் திணறும். அதற்குக் கீழேயும், வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டச் சக்தி மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும், வரம்புக்கு அருகில் இன்னும் அதிகம். எட்டரை நாட் ஓடும் அந்தப் படகில் எஞ்சினை இருமடங்காக்கினால் கிடைப்பது ஒரு நாட், ஒன்றரை நாட். செலவாவது இருமடங்கு டீசல். முழு விசையில் டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 0.2 லிட்டர் குடிக்கும். 120 குதிரைத்திறன் என்றால் 24 லிட்டர், 240 என்றால் 48 லிட்டர். தொழில் இடத்துக்குப் போய்வரும் மணிகளோடு இதைப் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இழுவைக்கு என்றால் கதை வேறு. மடி இழுக்கும்போது படகு மூன்று நாட் அளவில்தான் நகரும். அங்கே அதிகம் எதிர்ப்பது படகின் உடலைவிட மடியும், அதன் வாயை விரித்துப் பிடிக்கும் பலகையும், கயிறும்தான். அந்த மெதுவான வேகத்தில் பெரிய விட்டமுள்ள, மெதுவாகச் சுற்றும் காற்றாடிதான் நன்றாகத் தள்ளும். எஞ்சின் அதேதான் என்றாலும், கியர்பாக்ஸ் விகிதத்தை மூன்றுக்கு ஒன்றிலிருந்து நான்குக்கு ஒன்றாக்கி, அதற்கேற்ற பெரிய காற்றாடி மாட்டினால் இழுவை கூடும். காற்றாடி நுனிக்கும் படகின் அடிக்கும் இடையே காற்றாடி விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி வேண்டும். இடம் இருந்தால் இந்த வழியை முதலில் பாருங்கள். காற்றாடியைச் சுற்றி வளையக் கூடு பொருத்துவதும் மெதுவான இழுவையில் தள்ளுவிசையைக் கூட்டும். இதற்கெல்லாம் காற்றாடிக் கணக்குப் போடத் தெரிந்தவரிடம் போக வேண்டும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் சிக்கனம் பற்றி நீண்டகாலமாக ஆராய்ந்துவருகிறது.

புதிது வாங்குவது என்று முடிவாகிவிட்டால்

எஞ்சினின் பெயர்த்தட்டில் எழுதியிருக்கும் குதிரைத்திறனை மட்டும் பார்ப்பது மிகப் பரவலான தவறு. ஒரே பிளாக்கைத் தயாரிப்பாளர் பல தரங்களில் விற்பார். உல்லாசப் படகுக்கு 300 குதிரைத்திறன் என்று வரும் எஞ்சின், இடைவிடாமல் உழைக்கும் படகுக்கு அதைவிட வெகுவாகக் குறைந்த அளவில்தான் தரப்படும். மடி இழுக்கும் படகுக்கு இடைவிடாத உழைப்புக்கான தரத்தையே கேளுங்கள், அதை எழுத்தில் வாங்குங்கள். விலை மலிவு என்று லாரியிலிருந்து எடுத்த எஞ்சினைப் படகில் இறக்குவதிலும் சிக்கல் உண்டு. படகில் எஞ்சின் பின்பக்கம் சாய்ந்து உட்காரும்; சமநிலைக்குச் செய்த ஆயில் தொட்டியில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சினால் பேரிங் போய்விடும்.

அப்புறம், எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விடுவது. கியர்பாக்ஸ் தாங்கும் அளவு, ஷாஃப்ட்டின் தடிமன், எஞ்சின் உட்காரும் கட்டைகள், குளிரூட்டும் குழாய்களின் நீளம், புகைக்குழாயின் விட்டம், சுக்கான் என எல்லாவற்றையும் புதுச் சக்திக்குக் கணக்கிட வேண்டும். 50 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டை 60 ஆக்கினால் முறுக்கைத் தாங்கும் வலு ஏறத்தாழ 1.7 மடங்காகும், அதற்கேற்ப ஷாஃப்ட் படகின் பின்புறம் வெளியேறும் ஸ்டெர்ன் குழாயும் அதன் புஷ்ஷும் மாறும். வயதான மரப்படகில் பெரிய எஞ்சினின் அதிர்வு பலகை இணைப்புகளை விரித்துத் தண்ணீர் உள்ளே விடும். எஞ்சின் விலையோடு நின்று கணக்குப் போடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். முழுப் பட்டியலுக்கும் விலை வாங்கி, அதைப் பிரித்து வேலை பார்க்கும் செலவோடு ஒப்பிடுங்கள். உதிரிப்பாகம் உங்கள் துறைமுகத்திலேயே கிடைக்குமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அசோக் லேலண்ட் போல நம் ஊர் மெக்கானிக்கும் லேத்துக்காரரும் கைபழகிய எஞ்சின் என்றால் ஒரு நாளில் முடியும் வேலை, பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டிய எஞ்சினில் வாரக்கணக்கில் படகைக் கட்டிப்போட்டுவிடும்.

சட்டத்தை மறக்க வேண்டாம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள், 2020, எஞ்சின் சக்திக்கு 240 குதிரைத்திறன் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதிவேகச் சீன எஞ்சின்கள் பற்றி நாட்டுப்படகு மீனவர்கள் எழுப்பிய முறையீட்டுக்குப் பின்னால் நியாயம் இருக்கிறது: கரையோரத்தில் வலை விட்டிருப்பவர் பெரிய எஞ்சினோடு போட்டி போட முடியாது. வரம்பை மீறி வாங்கியவர் பிறகு பதிவுக்கும் மானிய டீசலுக்கும் இன்சூரன்ஸுக்கும் அலைய நேரிடும். எஞ்சின் எண்ணும் சக்தியும் பதிவுச் சான்றில் இருப்பவை. மாற்றுவதற்கு முன்பே மீன்வளத்துறை அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.

பொருத்தும்போது ஒரு விஷயம். கரையில் ஸ்லிப்பில் இருக்கும்போது பார்த்த ஷாஃப்ட் நேர்கோட்டை நம்பி வேலையை முடிக்காதீர்கள். தண்ணீரில் இறங்கியதும் படகின் உடல் சற்று வளையும், மரப்படகு இன்னும் கூடுதலாக வளையும். இறக்கி ஒரு நாளாவது மிதக்கவிட்டு, டீசல் தொட்டியை நிரப்பி, கியர்பாக்ஸையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டைக் கழற்றி, அதன் இரு தட்டுகளுக்கும் இடையிலான இடைவெளியைச் சுற்றிலும் ஃபீலர் கேஜால் (மெல்லிய தகடுகளாலான அளவுகோலால்) அளக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் தட்டுக்கு 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது. பெரிய தட்டுக்கு அதே விகிதம்.

பிறகு மார்ச் மாதம் எடுத்த அதே அளவுகளைத் திரும்ப எடுங்கள். முழு விசையில், ஐஸும் டீசலும் ஏற்றிய படகில், எஞ்சின் தன் முழு ஆர்.பி.எம்.-ஐத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் காற்றாடி பெரிது. பிட்சை (இதழின் சாய்வை) குறைக்கச் சொல்லுங்கள். எளிதாகத் தாண்டிப் போனால் காற்றாடி சிறிது, நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய சக்தியில் ஒரு பகுதி பயன்படவில்லை. மடி இறக்கியும் ஒருமுறை ஆர்.பி.எம்., தண்ணீர் வெப்பம், புகை மூன்றையும் பாருங்கள். விற்றவரிடமும் பொருத்தியவரிடமும் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்பே இந்த ஓட்டத்தை நடத்தி, அளவுகளை அவர்கள் கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்கிக்கொள்ளுங்கள்.