மனு போன இடம் சரிதானா? மதுரைப் புறநகரில் ரோட்டுக்கும் பஸ்ஸுக்கும் அலைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பஸ்ஸில் போகிறவருக்கு ஒத்தக்கடை, பரவை, ஆனையூர், திருநகர், நாகமலை புதுக்கோட்டை எல்லாமே மதுரைதான். நிர்வாகக் கணக்கு வேறு. 2011-இல் மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தபோது ஆனையூரும் திருநகரும் உள்ளே வந்தன. பரவை அப்போது பேரூராட்சியாகவே நின்றது. ஒத்தக்கடையும் நாகமலை புதுக்கோட்டையும் கிராம ஊராட்சிகளாகவே நின்றன. இந்த வித்தியாசம் பிடிபடாமல் எழுதுகிற மனுக்கள்தான் மேசைக்கு மேசை நகர்ந்து காணாமல் போகின்றன.

பெரிய தவறு, ரோடு யாருடையது என்று பார்க்காமல் எழுதுவது. ஒரே ஊருக்குள் நான்கு சொந்தக்காரர்கள் இருப்பார்கள். நான்குவழிச் சாலையும் அதன் சர்வீஸ் ரோடும் பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையவை. அங்கே பள்ளம் என்றால் 1033-க்குப் போன் செய்ய வேண்டும். ஊரைக் கடந்து போகிற பெரிய ரோடு பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. கிராமங்களை இணைக்கிற ரோடு ஊராட்சி ஒன்றியத்துடையது. தெருக்கள் மட்டும்தான் உள்ளாட்சிக்குச் சொந்தம். நெடுஞ்சாலைத் துறை ரோட்டில் இருக்கிற பள்ளத்துக்காகக் கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்றால், நியாயமாகவே அவர் கையை விரிப்பார். கிலோமீட்டர் கல்லைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்: மஞ்சள் தலை என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை என்றால் மாநில நெடுஞ்சாலை.

ஊராட்சிக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அதற்குப் பிறகும் முன்னாள் தலைவரிடமே மனுவை நீட்டுகிறவர்கள் உண்டு. மரியாதைக்கு அவரைப் பார்க்கலாம், தப்பில்லை. மனு போக வேண்டியது வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு.

தெருவிளக்கில் குழப்பம் இன்னும் அதிகம். கம்பம் மின்வாரியத்துடையது, அதில் மாட்டியிருக்கிற விளக்கு உள்ளாட்சியுடையது. விளக்கு எரியவில்லை என்று மின்வாரியத்திடம் சொன்னால் வேலை நடக்காது. கம்பம் சாய்ந்திருக்கிறது, வயர் தொங்குகிறது என்றால் அப்போதுதான் மின்வாரியப் புகார் மையமான மின்னகம், 94987 94987. இரண்டு புகாருக்கும் கம்பத்தில் பெயின்டால் எழுதியிருக்கிற எண் முக்கியம். ‘பிள்ளையார் கோயில் பக்கத்தில்’ என்றால் எந்தப் பிள்ளையார் கோயில்? மதுரையில்?

ரோடு போட ஆள் வந்ததும் சந்தோஷத்தில் சும்மா இருந்துவிடுவதும் தவறுதான். முதலில், குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். முல்லைப் பெரியாறு குடிநீர்த் திட்டத்துக்காக மாநகராட்சி எங்கும் தோண்டியதைப் பார்த்தவர்களுக்கு, புது ரோட்டை மறுபடி தோண்டினால் என்ன மிஞ்சும் என்று தெரியும். அடுத்தது, பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே போடுவது. சுரண்டிவிட்டு அதே மட்டத்தில்தான் போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் 2021-லேயே எல்லாத் துறைகளுக்கும் எழுதியிருக்கிறார். வேலை தொடங்குமுன் வாசல்படிக்கும் ரோட்டுக்கும் உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரோடு ஒவ்வொரு தடவையும் உயர்ந்து, மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு பேசிப் பயனில்லை.

தண்ணீர் விஷயத்தில் தெருவோர வடிகாலான வாறுகாலோடு பார்வை நின்றுவிடுகிறது. வாறுகால் போய்ச் சேருவது கண்மாய்க்கோ வாய்க்காலுக்கோதான். அவற்றில் பெரும்பாலானவை நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. 2024 அக்டோபர் கடைசி மழையில் செல்லூர்ப் பக்கம் மிதந்தபோது பேச்செல்லாம் செல்லூர் கண்மாயையும் பந்தல்குடி வாய்க்காலையும் பற்றித்தான். வாறுகாலுக்கு ஒரு மனு, வாய்க்காலுக்குத் தனியாக ஒரு மனு என்று எழுதுங்கள்.

பஸ்ஸுக்கு வருவோம். ‘எங்கள் ஊருக்குக் கூடுதல் பேருந்து வேண்டும்’ என்ற மனு அநேகமாக எந்தப் பலனும் தராது. பஸ் டிப்போவின் கிளை மேலாளர் கையில் இருப்பது சில வண்டிகளும் அவற்றின் நடைகளும் (டிரிப்புகளும்) தான். அவரிடம் கேட்க வேண்டியது நேரம்: எந்தத் தடம், எந்த நிறுத்தம், எத்தனை மணிக்கு. காலை எட்டு மணிக்குப் படிக்கட்டில் பிள்ளைகள் தொங்குகிறார்கள், மதியம் இரண்டு மணி வண்டி காலியாகப் போகிறது என்றால் அந்த நடையை மாற்றித் தரக் கேட்கலாம். புது வண்டி தேவையில்லை. கட் ஆன நடை என்றால் எந்தத் தேதியிலிருந்து வரவில்லை என்று எழுதுங்கள்.

கூட்டம் இருந்தும் கணக்கில் ஏறாததும் ஒரு காரணம். அவசரத்துக்கு எல்லோரும் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டால், பின்னால் வருகிற டவுன் பஸ் காலியாகத்தான் மாட்டுத்தாவணி போய்ச் சேரும். 2021-லிருந்து பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, ஆனால் பயணச் சீட்டு உண்டு. ‘ஃப்ரீதானே’ என்று அதை வாங்காமல் உட்காருவது நமக்கு நாமே வைக்கிற ஆப்பு. எத்தனை பேர் ஏறினார்கள் என்பதற்கு அந்தச் சீட்டுதான் கணக்கு.

டவுன் பஸ் நுழைய முடியாத உள்ளூர்ப் பகுதி என்றால் மினிபஸ்ஸைக் கேளுங்கள். 2025-இல் புது மினிபஸ் திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்த மனு போக வேண்டியது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு, பஸ் டிப்போவுக்கு அல்ல. நிழற்குடை விஷயத்தில், எம்.எல்.ஏ. நிதியில் கட்டச் சொல்லுமுன் பஸ் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிழற்குடை ஒரு பக்கம், பஸ் நூறடி தள்ளி, ஜனம் வெயிலில் என்ற காட்சி நம் ஊரில் புதிதல்ல.

மெட்ரோ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருப்பதும் வேண்டாம். திருமங்கலம்–ஒத்தக்கடை, சுமார் 32 கிலோமீட்டர்த் திட்ட அறிக்கையை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. வந்தாலும் ஸ்டேஷன் வரை போக டவுன் பஸ் வேண்டுமே!

மனுவை எங்கே கொடுப்பது என்றால், பலரும் நேராகத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறார்கள். போகலாம், ஆனால் அந்த மனுவும் சுற்றிக்கொண்டு உரிய அலுவலகத்துக்கே திரும்பும். அங்கே ஏற்கெனவே கொடுத்து ரசீது வாங்கியிருந்தால், கலெக்டர் மனுவில் அந்தத் தேதியை எழுதலாம். மனுவுக்குக் கனம் வந்துவிடும். ரசீது இல்லாமல் வாயால் சொல்லிவிட்டு வருவதைப் புகாராக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே தாளில் ரோடு, விளக்கு, பஸ், நாய்த்தொல்லை என்று எழுதினாலும் கதை அதுதான். எந்தத் துறைக்கு அனுப்புவது என்று அவர்கள் திகைப்பார்கள், அல்லது முதல் வரியை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள்.

பதிலே வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். அதிலும் ‘ஏன் ரோடு போடவில்லை?’ என்று கேட்காதீர்கள். ‘அது தகவல் அல்ல’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். இந்தத் தெருவுக்கான பணி ஆணையின் நகல், மதிப்பீட்டின் நகல், என் மனுமீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். அப்போதும் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள் எழுதிவிட வேண்டும்.