ஆபரேஷன் முடிந்த நாயை நான்கு காலில் நடக்க வைப்பது எப்படி?

நெடுஞ்சாலை 44 ஊரை ஒட்டிப் போகிற கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் நாய் வண்டியில் அடிபடுவது புதிதல்ல. பின்னங்கால் தொடை எலும்பு உடைந்து, உள்ளே பிளேட் வைத்து, தையல் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை எப்போது கொடுப்பது என்று சீட்டில் எழுதியிருக்கும். "ஓடவிடாதீங்க, மெதுவா நடக்க வைங்க" என்றும் டாக்டர் சொல்லி அனுப்பியிருப்பார். அந்த ஒரு வரியை வீட்டில் எப்படிச் செய்வது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலிலேயே ஒன்று. நாய்க்கு மூன்று கால் போதும், நான்காவது காலைப் பற்றிய கவலை நமக்குத்தான். வேகமாகப் போகவிட்டால் அடிபட்ட காலைத் தூக்கிக்கொண்டு குதித்தே போய்விடும். பார்ப்பவர்கள் "பரவாயில்லையே, நல்லா ஓடுதே" என்பார்கள். மெதுவாக நடத்தினால்தான் அந்தக் காலை ஊன்றும். கீழே சொல்வதெல்லாம் இதற்காகத்தான்.

இன்னொன்று: பிளேட் போட்ட காலும் வெறும் மாவுக்கட்டு போட்ட காலும் ஒன்றல்ல. எந்தப் பயிற்சியை எந்த வாரம் தொடங்கலாம் என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

படி 1: இடம்

எலும்பு கூட 6 முதல் 8 வாரம் ஆகும். குட்டிகளுக்குச் சீக்கிரமே கூடும். அதுவரை எழுந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். கூண்டு இல்லையென்றால் திண்ணை மூலையைப் பலகை வைத்து அடையுங்கள். டைல்ஸ் தரை வேண்டவே வேண்டாம். வழுக்கிக் கால் அகண்டால் செய்த ஆபரேஷன் வீண். கோணிச்சாக்கை விரித்து ஓரங்களில் கல் வையுங்கள். "நாயைப் போய் இப்படி அடைச்சு வெச்சிருக்கியே" என்று வீட்டில் ஆயா திட்டும். திட்டட்டும்.

தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு (தலையைச் சுற்றி மாட்டும் பிளாஸ்டிக் வளையம்) கட்டாயம். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும்.

படி 2: ஒத்தடம்

முதல் மூன்று நாள் குளிர் ஒத்தடம். ஐஸைத் துணியில் சுற்றி, வீக்கத்தின் மேல் 10 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. தையல் நனையக் கூடாது. வீக்கம் வடிந்த பிறகு, பயிற்சிக்கு முன்னால் வெதுவெதுப்பான துணி ஒத்தடம். உப்பை வறுத்து மூட்டை கட்டிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. நாய்க்கு அதை நான் சொல்ல மாட்டேன். உப்பு சூட்டை வெகுநேரம் பிடித்து வைக்கும், ஆபரேஷனுக்காக முடி மழித்த தோல் சட்டென்று வெந்துவிடும். துணியையும் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துவிட்டே போடுங்கள்.

படி 3: காலை மடக்கி நீட்டுவது

இங்கேதான் நிதானம் வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடு அடங்கிய நேரம் நல்லது. அடிபட்ட கால் மேலே வருமாறு நாயை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வீட்டில் ஒருவர் தலைப்பக்கம் உட்கார்ந்து காதைத் தடவிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் ஒரு கையைத் தொடைக்குக் கீழே கொடுத்துத் தாங்குங்கள், மற்றொரு கையால் முழங்காலுக்குக் கீழே பிடியுங்கள். பாதத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. முதலில் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விடுங்கள், அப்புறம் கணுக்கால், பிறகு முழங்கால், கடைசியாக இடுப்பு. ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக மடக்கி, நீட்டி, 10 தடவை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை.

எது வரை மடக்குவது? நாயின் முகத்தைப் பாருங்கள், காலை அல்ல. உதட்டை நக்கும், தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்க்கும், தசை உங்கள் விரலுக்குக் கீழே விறைக்கும். அதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கு எல்லை அதுதான். கத்தும் வரை போகக் கூடாது.

குட்டி நாய்க்குத் தொடை எலும்பு உடைந்திருந்தால் இந்தப் படியைத் தள்ளிப்போடாதீர்கள். காலை அசைக்காமலே விட்டால் முன்தொடைத் தசை எலும்போடு ஒட்டி இறுகி, முழங்கால் மடங்காமல் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றுவிடும். அப்படி இறுகிய காலைச் சரிசெய்வது ரொம்பக் கஷ்டம். எப்போது தொடங்கலாம் என்று டாக்டரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

படி 4: நடை

பழைய துண்டை நீளவாக்கில் மடித்து அடிவயிற்றுக்குக் கீழே, பின்னங்கால்களுக்கு முன்னால் கொடுத்து, இரு முனையையும் மேலே பிடித்துக்கொள்ளுங்கள். தூக்க வேண்டாம், விழாமல் தாங்கினால் போதும். இன்னொரு கையில் குட்டையான கயிறு. 5 நிமிடம், மூன்று வேளை. அவ்வளவுதான். கால் நான்கும் வரிசையாக ஊன்றுகிற வேகம்தான் சரியான வேகம். காலைத் தூக்கினால் நில்லுங்கள். பிறகு இன்னும் மெதுவாக. மறுநாள் நொண்டல் அதிகமாகாமல் இருந்தால் வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டலாம்.

ஊன்றுகிறதா என்று சந்தேகமா? சிமெண்ட் தரையில் பாதங்களை நனைத்து நடத்துங்கள். மூன்று தடம் முழுதாகவும் ஒன்று நுனிவிரல் மட்டுமாகவும் விழுந்தால் பாரம் இன்னும் இறங்கவில்லை. அந்தப் பாதத்து நகம் மட்டும் தேயாமல் நீண்டிருப்பதும் அதே சேதிதான். தையல்கடை டேப்பால் இரண்டு தொடைகளையும் ஒரே உயரத்தில் வாரம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள், சதை ஏறுவது தெரியும்.

படி 5: உட்கார்ந்து எழுவது

நான்கு வாரம் போல ஆனதும், டாக்டர் சரி என்றால், சுவர் ஓரமாக நிறுத்தி உட்காரச் சொல்லி எழுப்புங்கள். அடிபட்ட கால் சுவர்ப் பக்கம் இருந்தால் அதை வெளியே நீட்டி ஏமாற்ற முடியாது. ஐந்து தடவை போதும். ஒவ்வொரு முறைக்கும் அவித்த முட்டையில் ஒரு துணுக்கு.

சாப்பாட்டை முன்பைவிடக் கொஞ்சம் குறையுங்கள். ஓடாத நாய்க்கு அதே அளவு களி போட்டால் எடை ஏறி அந்தப் பாரமும் காலில்தான் விழும். வெங்காயம் போட்ட குழம்பை ஊற்றாதீர்கள், அது நாய்க்கு நஞ்சு.

நீந்தினால் கால் சரியாகும் என்று கிணற்றிலோ ஏரியிலோ இறக்காதீர்கள். தண்ணீர்ப் பயிற்சி நல்லதுதான். ஆனால் புண் முழுதாக ஆறிய பிறகு, ஆழம் குறைந்த, பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிற இடத்தில். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு 40 கிலோமீட்டர்தான், தண்ணீருக்குள் ஓடும் டிரெட்மில் வைத்திருக்கும் மையங்கள் அங்கே உண்டு. தருமபுரிக்காரர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.

நம் வீட்டு மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

பூனைக்கும் இதே படிகள்தான், நடை மட்டும் வேறு. கயிற்றில் வராது. சாப்பாட்டுத் தட்டைக் கூண்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றி மாற்றி வைத்தால் அதுவாக நடக்கும்.

ஊன்றிக்கொண்டிருந்த கால் திடீரென்று ஊன்றாமல் போனால், தையலில் சீழ் வந்தால், கட்டுக்குக் கீழே விரல் வீங்கினால் அல்லது சில்லிட்டால், கட்டில் நாற்றம் அடித்தால், அன்றே டாக்டரிடம் போங்கள். பின்னங்கால் இரண்டிலும் உணர்ச்சியே இல்லையென்றால் அது முதுகுத்தண்டு விவகாரம், இந்தப் பதிவு அதற்குப் போதாது.

எல்லாம் நன்றாகப் போனாலும் எக்ஸ்ரேயில் எலும்பு கூடியது தெரியும் வரை அவிழ்த்து விடாதீர்கள். அதன் பிறகும் முதல் இரண்டு வாரம் நீளக் கயிற்றோடு மண் தரையில் மட்டும். மாடிப்படியும், வண்டியிலிருந்து குதிப்பதும், மற்ற நாய்களோடு விளையாட்டும் கடைசியில்.