டாக்டருக்கு நோட்டீஸ் வந்தால் எந்த வக்கீலைப் பிடிப்பது?

சிகிச்சையில் அலட்சியம் என்று நோட்டீஸ் வந்ததும் பெரும்பாலான டாக்டர்கள் செய்வது, மைத்துனரின் நண்பரான ஏதோ ஒரு வக்கீலுக்கு ராத்திரியே போன் போடுவது. அவர் சொத்துத் தகராறில் புலியாக இருக்கலாம், ஆனால் நோயாளிக்கு நீங்கள் எழுதிய சிகிச்சைக் குறிப்பை, அதாவது கேஸ் ஷீட்டைப் படிக்கத் தெரியாவிட்டால் அவரால் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை.

அதனால் போனைக் கீழே வையுங்கள். பதில் தர எத்தனை நாள் கெடு என்று பார்த்துத் தேதியைக் குறித்துக்கொண்டு, அடுத்ததாக உங்கள் தொழில்முறை இன்சூரன்ஸ் பாலிசியை எடுங்கள். புகார் வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும், கம்பெனி சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ சமரசம் பேசவோ கூடாது என்றெல்லாம் பல பாலிசிகளில் நிபந்தனை இருக்கும். நீங்களாக வக்கீல் வைத்துவிட்டு அப்புறம் பில்லை அனுப்பினால் அவர்கள் கைவிரிக்கலாம். வக்கீலை யார் தேர்ந்தெடுப்பது, என் சம்மதம் இல்லாமல் பணம் கொடுத்துக் கேஸை முடிப்பீர்களா, இந்த இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது கேள்வி முக்கியம். கம்பெனிக்கு அது ஒரு செலவுக் கணக்குதான், உங்களுக்கோ பெயர் போகும் விஷயம்.

மருத்துவமனை "எங்கள் வக்கீலே உங்களையும் பார்த்துக்கொள்வார்" என்று சொன்னால் அங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். ஒரு சூழ்நிலையை யோசித்துப் பாருங்கள். நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்கியதும் 2 மணிக்கே டாக்டருக்குச் சொன்னேன் என்கிறார் நர்ஸ், எனக்குப் போன் வந்ததே 3 மணிக்குத்தான் என்கிறீர்கள் நீங்கள். அந்த ஒரு மணி நேரம்தான் மொத்த வழக்கே. நர்ஸ் மருத்துவமனையின் ஊழியர், அவர் மீது தவறு விழுந்தால் மருத்துவமனைதான் பதில் சொல்ல வேண்டும், அப்படியிருக்க அவர்களுடைய வக்கீல் அவரை எப்படிக் குடைந்து கேட்பார்? இப்படி முரண் வர வாய்ப்பு இருந்தால் உங்களுக்கென்று தனி வக்கீல் வேண்டும், செலவு ஆனாலும் சரி.

வழக்கு எங்கே நடக்கிறது என்பதும் ஆளை முடிவு செய்யும். ஒரே சம்பவத்துக்கு நஷ்டஈடு வழக்கு ஒரு பக்கம், மருத்துவக் கவுன்சில் விசாரணை ஒரு பக்கம், சில இடங்களில் கிரிமினல் புகாரும் சேர்ந்து வரும். ஒன்றில் பணம் போகும், ஒன்றில் லைசென்ஸ் போகும், ஒன்றில் சிறைக்கே போக நேரலாம். ஓரிடத்தில் சொன்ன பதில் இன்னோரிடத்தில் உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கக்கூடும் என்பதால், மூன்றையும் சேர்த்து யோசிக்கிற ஒருவர் தலைமையில் இருக்க வேண்டும்.

சரி, முதல் சந்திப்பில் ஆளை எடை போடுவது எப்படி? கேஸ் ஷீட் நகலை முன்னாலேயே அனுப்பிவிட்டுப் போங்கள். நல்ல வக்கீல் பக்கத்தைப் புரட்டி, "2.10-க்கு நாடித்துடிப்பு எழுதியிருக்கிறது, அடுத்த பதிவு 2.50-க்குத்தான், நடுவில் என்ன நடந்தது?" என்று கேட்பார். வயிற்றைக் கலக்கும் கேள்விதான், ஆனால் அதைக் கேட்கிறவர்தான் உங்களுக்கு வேண்டியவர். ஒரு பக்கம்கூடப் பார்க்காமல் "கவலையே படாதீங்க, ஜெயிச்சிடலாம்" என்பவரிடம் காபி குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

தவறு நடந்தது என்றே வைத்துக்கொண்டாலும், பாதிப்பு அந்தத் தவறால்தான் வந்ததா என்பது தனிக் கேள்வி. இதை அவர் பிரித்துப் பேசுகிறாரா என்று கவனியுங்கள். பல நாட்டு நீதிமன்றங்கள் பின்பற்றிய 1957-ம் ஆண்டு இங்கிலாந்தின் போலம் தீர்ப்பு, பொறுப்புள்ள சக மருத்துவர்களில் ஒரு சாராராவது ஏற்கும் முறையில் சிகிச்சை தரப்பட்டதா என்று பார்த்தது. சிகிச்சையின் ஆபத்துகளை நோயாளிக்கு எடுத்துச் சொல்வதைப் பொறுத்தவரை 2015-ல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் மான்ட்கோமரி வழக்கில் அந்த அளவுகோலைக் கைவிட்டது. நோயாளியின் நிலையில் இருப்பவருக்கு எது முக்கியமாகப் படும் என்பதே அங்கே இப்போது கணக்கு. உங்கள் நாட்டில் இப்போது எது செல்லும் என்று கேளுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறதே, அது போதும் என்று முடித்துக்கொள்பவர் இந்தத் துறையில் அதிகம் புழங்கவில்லை என்று தெரிந்துவிடும்.

நிபுணர் சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவார் என்பதையும் விடாதீர்கள். மயக்க மருந்து பற்றிய வழக்கில் மயக்கவியல் டாக்டர் பேச வேண்டும், அதிலும் இன்றைக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பவராக இருந்தால் நல்லது.

குறுக்கு விசாரணை செய்யப்போவது இவரா இவருடைய ஜூனியரா, அப்பீல் போனால் தனிக் கட்டணமா, நிபுணருக்கு யார் பணம் தருவது, இதையெல்லாம் கூச்சப்படாமல் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேஸ் ஷீட்டில் விட்டுப்போன ஒரு வரியைச் சேர்த்துவிடலாமே என்று யாராவது சொன்னால், அது வக்கீலாகவே இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். கம்ப்யூட்டர் பதிவு என்றால் யார் எந்த நிமிடம் கை வைத்தார்கள் என்பது பொதுவாக உள்ளேயே பதிவாகிவிடும், ஜெயிக்க வேண்டிய வழக்கும் அந்த ஒரு வரியால் கவிழும். நினைவில் இருப்பதைத் தனித் தாளில் வக்கீலுக்கு மட்டும் என்று எழுதுங்கள். சக டாக்டர்களின் வாட்ஸப் குரூப்பில் புலம்ப வேண்டாம், அதையும் நீதிமன்றம் கேட்டு வாங்கலாம்.

வக்கீலிடம் எதைக் கொடுத்தாலும் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும், நடுவில் ஆளை மாற்ற நேர்ந்தால் புதியவர் முதலில் கேட்பது அந்தக் கட்டைத்தான்.