ஸ்கூலுக்கு கிராண்ட் வந்ததும் நாம பண்ற தப்புங்க

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்க ஊரு தொடக்கப்பள்ளில பாத்ரூம் கழுவுற அக்காவுக்கு வீட்டுக்கு 20 ரூவா வசூல் பண்ணி குடுத்துட்டிருந்தோம், எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்துல ஒருத்தர் "அதான் கவர்மெண்ட் கிராண்ட் வந்துடுச்சே, இனி எதுக்கு வசூல்"னாரு, எல்லாரும் சரின்னுட்டாங்க. ரெண்டே மாசம், பொம்பளப் புள்ளைங்க பாத்ரூம்ல பூட்டு தொங்குது, அஞ்சாவது படிக்கிற புள்ள மத்தியானம் வரைக்கும் அடக்கிக்கிட்டு இருந்து வீட்டுக்கு ஓடி வருது.

இதான் பெரிய தப்பு. கணக்கு பாருங்க, சமக்ர சிக்ஷாங்கற கவர்மெண்ட் பள்ளிக்கல்வி திட்டத்துல 31லேந்து 100 பிள்ளைங்க வரைக்கும் உள்ள ஸ்கூலுக்கு வருஷத்துக்கு 25,000 ரூவா. 220 நாளுக்கு வகுத்தா ஒரு நாளைக்கு 113 ரூவா சொச்சம், அதுலதான் சாக்பீஸ், கரண்ட் பில்லு, ரிப்பேரு, சுத்தம் எல்லாமே. ஏழைப் பிள்ளைங்க படிக்கிற ஸ்கூலுக்கு ஏற்கெனவே இருக்கறதோட மேல சேரணும்னு வர்ற பணம் அது, நாம கைய எடுத்துட்டா பிள்ளைக்கு கூடுதலா ஒண்ணுமே சேரல. ஆந்திரா கிராமத்து ஸ்கூல்கள்ல இத ஆராய்ச்சி பண்ணியே பாத்திருக்காங்க, மொத வருஷம் எதிர்பாராம கிராண்ட் வந்தப்ப மார்க் ஏறிச்சு, அடுத்த வருஷம் பணம் வரும்னு தெரிஞ்சதும் பெத்தவங்க தங்களோட செலவ குறைச்சுக்கிட்டாங்க, மார்க்கும் ஏறல. அமெரிக்காவுல 1965லேந்து ஏழைப் பிள்ளைங்களுக்கு மத்திய அரசு நிதி தருது, அத காட்டி உள்ளூர் பணத்த குறைக்கக் கூடாதுன்னு அங்க விதியே இருக்கு.

காலைச் சாப்பாடு (2023 ஆகஸ்ட்ல நம்ம திருக்குவளைலதான் விரிவாக்கத்த ஆரம்பிச்சாங்க), நோட்டு, யூனிஃபார்ம் எல்லாம் தனித்தனி பணம், கிராண்ட்ல சேத்து எண்ணாதீங்க.

இன்னொண்ணு, 30 பிள்ளைன்னா 10,000, 31 ஆனா 25,000. திருப்பூர் போயிட்டு திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளைய எமிஸ்ல (பிள்ளைங்க பேர பதியற அரசு கம்ப்யூட்டர் பதிவு) ஏத்தாம விட்டு எண்ணிக்கை 30லயே நின்னுட்டா போறது 15,000.

மார்ச்ல அவசரமா பெயிண்ட் அடிச்சு பணத்த முடிக்கிறதும் வேணாம், ஆடிலயே லிஸ்ட் போட்டு வச்சா ஐப்பசி மழைக்குள்ள ஓடு மாத்திடலாம்.

எஸ்எம்சில நாலுல மூணு பங்கு பெத்தவங்க, பாதி பொம்பளைங்கன்னு சட்டமே சொல்லுது. நடவு நேரத்துல பகல்ல கூட்டம் வச்சா கூலிக்குப் போற அம்மாக்கள் எப்படி வருவாங்க, கூட்ட நோட்ட வீட்டுக்கு அனுப்பி கையெழுத்து மட்டும் வாங்குறது ரொம்ப தப்புங்க, அவங்க பிள்ளைக்குத்தான் அந்தப் பணமே. வேலை முடிஞ்சு சாயங்காலமா வைங்க, வரவு செலவ சத்தமா படிங்க.

எங்க ஊருல வசூல மறுபடி ஆரம்பிச்சாச்சு, பூட்டயும் கழட்டியாச்சு.