எந்த நாக்கு? பி16, பி53 பார்க்கும்போது விடுகிற பிழைகள்

கொழும்பில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வரும் மாணவர்களிடம் நான் அடிக்கடி காணும் பிழை இது: தலை, கழுத்துப் புற்றுநோய் ஸ்லைடில் பி16 என்ற புரதம் நன்றாக நிறம் பிடித்திருந்தால் உடனே "எச்பிவி பொசிட்டிவ்" என்று, அதாவது பாப்பிலோமா வைரஸ் இருக்கிறதென்று எழுதிவிடுவார்கள். போன மாதம் ஒரு தங்கச்சி அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தா. கூட வந்த தாளை வாங்கிப் பார்த்தேன், இடம் என்ற கட்டத்தில் "நாக்கு" என்று மட்டும் இருந்தது. எந்த நாக்கு? முன்பக்கத்து மூன்றில் இரண்டு பங்கு வாய்க்குழி, அடிநாக்கு தொண்டை. டொன்சிலும் அடிநாக்கும் இருக்கிற அந்தத் தொண்டைப் பகுதியில் மட்டும்தான் பி16ஐ வைரஸுக்கு ஈடாக எடுக்கலாம். வைரஸின் ஈ7 புரதம், செல் பெருகுவதைத் தடுக்கும் ஆர்பி புரதத்தை முடக்கிவிட, கட்டுப்பாடு விட்டுப்போய் பி16 செல்லுக்குள் குவியும், நாம் பழுப்பாகப் பார்ப்பது அதைத்தான். ஆனால் வாய்க்குழியில் வைரஸ் இல்லாமலே வேறு வழியிலும் பி16 கூடலாம். அந்தத் தங்கச்சியின் ஸ்லைட் நாக்கின் இடது ஓரத்தில் எடுத்தது, ஆகவே அவ எழுதினதை வெட்டச் சொன்னேன். சந்தேகம் இருந்தால் வைரஸின் ஈ6, ஈ7 ஆர்என்ஏயைத் திசுவிலேயே தேடுங்கள்.

இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய், பெரும்பாலும் வெற்றிலை, பாக்கு, புகையிலையால். (வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே சொல்லிவிட்டது, "புகையிலை போடாமல்தானே சப்புகிறேன்" என்கிற மாமாமாருக்காக இதைச் சொல்கிறேன்.) இப்படி வரும் கட்டிகளில் பி16ஐ உண்டாக்கும் சிடிகேஎன்2ஏ மரபணுவே பல தடவை அழிந்துபோயிருக்கும், அதனால் நிறம் வராவிட்டால் பரிசோதனை பிழைத்துவிட்டது என்று பதற வேண்டாம். தொண்டையிலும்கூட, கருவிலும் சைட்டோபிளாசத்திலும் சேர்ந்து, குறைந்தது 70 சதவீதச் செல்களில் அழுத்தமாக வந்தால்தான் பொசிட்டிவ், அங்கங்கே திட்டுத்திட்டாக வந்ததைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

பி53 என்ற, கட்டியை அடக்கும் புரதத்தின் கதை வேறு. நிறமே இல்லாவிட்டால் மரபணு நல்லா இருக்கிறது என்று நினைக்கிறார்கள், நேர் எதிராகவும் இருக்கலாம். நல்ல பி53 சீக்கிரம் சிதைந்துவிடும், ஆகவே மெல்லிய நிறம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரியும். சில பிறழ்வுகளில் புரதம் குவிந்து கட்டி முழுக்கக் கரும்பழுப்பாகும், வேறு சிலவற்றில் புரதமே உருவாகாமல் கட்டி வெறுமையாகக் கிடக்கும். அப்படி வெறுமையாகக் கண்டால் பக்கத்து லிம்போசைட்களையும் நார்த்திசுச் செல்களையும் பாருங்கள். அவற்றில் மெல்லிய நிறம் இருந்தால் அந்த வெறுமை உண்மையானது, அங்கேயும் ஒன்றும் இல்லாவிட்டால் ஸ்டெயினைத் திரும்பப் போடுங்கள்.

நோயெதிர்ப்பு மருந்துக்காகப் பார்க்கும் பிடி-எல்1 புரதத்தின் சிபிஎஸ் புள்ளியை எண்ணும்போது நிறம் பிடித்த கட்டிச் செல், லிம்போசைட், மேக்ரோபேஜ் எல்லாவற்றையும் பின்னத்தின் மேலே சேர்த்துவிட்டு, கீழே உயிருள்ள கட்டிச் செல்களை மட்டும் போட வேண்டும். 100 கட்டிச் செல்கூட இல்லாத துண்டில் எண்ணவே வேண்டாம்.

அப்புறம் மரபணு வெளிப்பாடு. கட்டியையும் பக்கத்து "நல்ல" திசுவையும் ஒப்பிட்டுவிட்டு, மயோசின், க்ரியேட்டின் கைனேஸ் எல்லாம் புற்றுநோயில் குறைந்துபோயின என்று ஒருவர் சந்தோஷமாக வந்தார். ஐயா, அவை தசையின் மரபணுக்கள், நாக்கே தசைதானே! நல்ல திசு என்று வெட்டிய துண்டில் பாதி தசையாக இருந்திருக்கும். ஆர்என்ஏ எடுக்க முதல் ஒரு சீவலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, கட்டி எவ்வளவு, தசை எவ்வளவு என்று குறித்து வையுங்கள். ஆர்என்ஏ கூடினால் புரதமும் கூடும் என்றும் எழுதிவிடாதீர்கள், புரதத்தைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். அந்தப் புரதம் கூடினாலும் மருந்து வேலை செய்யும் என்றில்லை: ஈஜிஎஃப்ஆர் என்ற வளர்ச்சி ஏற்பி இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் கூடித்தான் இருக்கிறது, ஆனால் அதைத் தடுக்கும் செடுக்சிமாப் மருந்து யாருக்கு வேலை செய்யும் என்று அந்த நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது.

கடைசியாக, திசுவைப் பதப்படுத்தும் போர்மலின். வெள்ளி பின்னேரம் போத்தலில் போட்ட பயொப்சி, திங்கள் போயா விடுமுறை என்றால், செவ்வாய் காலைதான் வெளியே வருகிறது. 72 மணித்தியாலம் தாண்டினால் சில புரதங்களின் நிறம் மங்கும், ஆர்என்ஏயும் இன்னும் நொறுங்கும். போட்ட நேரத்தைப் போத்தலிலேயே எழுதுங்கள், மூடியில் எழுதினால் மூடி மாறிவிடும்.