காது ஒரு வகுப்பு, கண் ஒரு வகுப்பு: பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக்கொடுப்பது எப்படி?

புதுச்சேரியிலோ கடலூரிலோ ஒரு புத்தகக் கடைக்குப் போய், "ஆறாவது படிக்கிற பையனுக்கு நல்ல புத்தகமா ஒண்ணு குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். தெனாலிராமன் வரும், இல்லாவிட்டால் அப்துல் கலாம் வருவார். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. 'ஆறாவது' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யாரும் எதையும் தேட முடியாது.

ஆங்கில வழியில் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் பலருக்குத் தமிழில் காது ஒரு வகுப்பிலும் கண் வேறொரு வகுப்பிலும் இருக்கும். ஆயா சொல்லும் கதை, சினிமா வசனம், பெரியவர்கள் பேசும் ஊர்வம்பு எல்லாம் ஒன்று விடாமல் புரியும். அதே விஷயத்தை அச்சில் நீட்டினால் எழுத்துக்கூட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் புத்தகம் தேடுவதற்கு முன்னால் இரண்டையும் தனித்தனியாக அளந்துகொள்ள வேண்டும். பத்து நிமிஷ வேலைதான்.

முதலில் கண். சுமார் 100 சொற்கள் உள்ள ஒரு பக்கத்தைப் புத்தகத்தின் நடுவிலிருந்து எடுங்கள். முதல் பக்கம் வேண்டாம், எழுத்தாளர்கள் அதை மட்டும் எளிதாக எழுதியிருப்பார்கள். பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, தடுக்கி நிற்கும் சொற்களை விரல்விட்டு எண்ணுங்கள். ஐந்துக்குள் இருந்தால் தனியாகப் படிக்கலாம். ஐந்திலிருந்து பத்து என்றால் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். பத்தைத் தாண்டினால் அந்தப் புத்தகத்தை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

எதை எண்ணுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'பழம்' என்பதை 'பளம்' என்று படித்தால் அது தப்புக் கணக்கில் வராது, நாக்குப் பழக்கம். 'சொல்லிக்கொண்டிருந்தபோதும்' என்ற இடத்தில் பிள்ளை "சொல்லிக்கொண்..." என்று நின்று, மூச்சு வாங்கி, "டிருந்..." என்று தொடர்ந்தால் அதை எண்ணுங்கள். வாலுக்கு வந்து சேர்வதற்குள் தலை மறந்துபோயிருக்கும். பிள்ளைக்குப் பொருள் தெரியாமல் இல்லை, 'சொல்லிக்கிட்டு இருக்கும்போது' என்று தினமும் பேசுகிற பிள்ளைதான். நீளம்தான் தடுக்கிறது. ஆகவே ஒரே கதை இரண்டு பதிப்பில் கிடைத்தால், சொற்களைப் பிரித்து அச்சடித்த பதிப்பை எடுங்கள்.

அடுத்து காது. அதே புத்தகத்தில் தொடர்ந்து இரண்டு பக்கத்தை நீங்கள் படித்துக் காட்டி, பாதியில் நிறுத்துங்கள். "என்ன புரிஞ்சுது?" என்று கேட்காதீர்கள், பரீட்சை வாடை அடிக்கும். "அப்புறம் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். பதில் சரியோ தப்போ, கதையோடு ஒட்டியிருந்தால் காதுக்கு எட்டிவிட்டது என்று அர்த்தம்.

இனி ஒவ்வொரு முறையும் இரண்டு வகைப் புத்தகம் எடுங்கள்: தானாகப் படிக்கக் கண்ணுக்கு ஒன்று, நீங்கள் படித்துக் காட்டக் காதுக்கு ஒன்று. கண் அளவை மட்டும் பார்த்து, பதினோரு வயதுப் பையனிடம் காக்காவும் நரியும் வரும் படப்புத்தகத்தைக் கொடுத்தால் அவனுக்கு அது அவமானம். தமிழ்ப் புத்தகம் என்றாலே குழந்தைச் சமாச்சாரம் என்று முடிவு கட்டிவிடுவான்.

விருப்பத்தை அறியவும் நேர்க்கேள்வி உதவாது. "உனக்கு என்ன பிடிக்கும்?" என்றால் "தெரியல" என்றுதான் பதில் வரும். "போன வாரம் யார்கிட்டயாவது மூச்சு விடாம சொன்ன விஷயம் எது?" என்று கேளுங்கள். பாம்பு, பேய், கிரிக்கெட், டீச்சர் செய்த அநியாயம் என்று எது வந்தாலும் அதுதான் நூல் முனை.

<b>புத்தகத்தைக் கையில் எடுத்தால் பார்க்க வேண்டியவை</b>

அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள், நடுப்பக்கத்தைத் திறங்கள். பத்து வயதுக்குள் என்றால் எழுத்தின் அளவு 16 புள்ளியாவது (பாயின்ட்) இருப்பது நல்லது. வரியின் வலது ஓரத்தை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பாருங்கள். தமிழ் அச்சில் வரி முடிகிற இடத்தில் சொல்லை இடைக்கோடுகூடப் போடாமல் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளுவது சாதாரணம். நமக்குப் பழகிவிட்டது, எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு அது இரண்டு வேறு சொல். ஒரு பக்கத்தில் நாலைந்து இடத்தில் அப்படி உடைந்திருந்தால் அந்தப் பதிப்பை வைத்துவிடுங்கள்.

நூலகத்துப் பழைய புத்தகங்களில் இன்னொரு சிக்கல். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சானவற்றில் லை, னை போன்றவை தும்பிக்கை வைத்த பழைய வடிவில் இருக்கும், ணா, றா, னாவும் வேறு மாதிரி இருக்கும். பிள்ளை முழிப்பதற்கு அதுதான் காரணம். ஒரு துண்டுக் காகிதத்தில் பழைய எழுத்தையும் புது எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் ரகசிய எழுத்து கிடைத்த மாதிரி பிடித்துக்கொள்வார்கள்.

<b>எதைக் கொடுப்பது?</b>

ஆறு வயது வரை பாட்டு போதும். அழ. வள்ளியப்பா இன்றும் முதலிடம்தான்: வரி குட்டை, சொல் திரும்பத் திரும்ப வரும், கண்ணும் காதும் ஒன்றாகத் தேறும். புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ம.இலெ. தங்கப்பாவின் 'சோளக்கொல்லைப் பொம்மை'யையும் தேடிப் பிடியுங்கள். 2011இல் பால சாகித்திய விருது பெற்ற பாடல் தொகுப்பு அது.

படக்கதைக்குச் செலவே வேண்டாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், இறக்கி அச்செடுக்கவும் அனுமதி உண்டு. நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள்: முதல் நிலை 250 சொற்களுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, நான்காவது அதற்கு மேல். வகுப்பைப் பார்க்காமல் நீங்கள் எடுத்த கண் அளவைப் பார்த்து நிலையைத் தேர்ந்தெடுங்கள். தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்களும் அழகானவை. ஆனால் பிள்ளை ஆங்கில வரியை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடும். பழைய காலண்டர் அட்டையில் ஒரு பட்டை வெட்டி ஆங்கிலத்தின் மேல் வையுங்கள், தமிழைப் படித்த பிறகு எடுக்கலாம்.

எட்டிலிருந்து பதினொன்று வரை அத்தியாயம் குட்டையாக இருப்பதுதான் முக்கியம். ஜப்பானிய நூலான 'டோட்டோ-சான்' தமிழில் கிடைக்கிறது. ரயில் பெட்டியில் வகுப்பு நடக்கும் பள்ளி. ராத்திரிக்கு ஒரு அத்தியாயம் என்று படித்துக் காட்டத் தோதானது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடிக்குக் கூட்டிக்கொண்டு போகும். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பிள்ளைகளுக்கு வரக்கூடிய பாலியல் தொல்லையைப் பயமுறுத்தாமல் பேசுகிறது. அதை முதலில் நீங்கள் படித்து முடியுங்கள். பிள்ளை நடுவில் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் கேட்க ஆள் இருக்க வேண்டும்.

அறிவியல் பிடிக்கும் பிள்ளைக்குக் கடலூரில் ஆசிரியராக இருந்து எழுதிய ஆயிஷா இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்ரமாதித்தன் கதைகள்'. அவருடைய 'ஆயிஷா' அரை மணியில் முடியும் சின்னப் புத்தகம், ஆனால் முடிவு மரணம். பன்னிரண்டுக்கு முன் வேண்டாம்.

காமிக்ஸைக் கேவலமாக நினைப்பவர்களுக்கு ஒரு சொல். படிக்கவே மாட்டேன் என்கிற பதிமூன்று வயதுக்காரன் சிவகாசி முத்து, லயன் காமிக்ஸில்தான் வழிக்கு வருவான். குமிழுக்குள் வரி சின்னது, பேச்சு வழக்கும் கலந்திருக்கும். ஒரே குறை, எழுத்து பொடி.

பதின்பருவத்தில் உள்ளூர்தான் நல்ல தூண்டில். 'பொன்னியின் செல்வன்' தொடங்கும் வீரநாராயண ஏரி, காட்டுமன்னார்கோவில் பக்கத்து வீராணம்தான் என்று சொன்னாலே பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமையானதால் பல பதிப்பகங்கள் அதைப் போடுகின்றன. விலையைப் பார்த்து வாங்கினால் எறும்பு எழுத்தும் சுருக்கப் பதிப்பும் மாட்டும். ஐந்து பாகமும் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர்களில் குழம்பித்தான் பெரும்பாலும் கைவிடுகிறார்கள். முதல் பத்து அத்தியாயம் வரை யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு அட்டையில் எழுதிப் பக்கக்குறியாக வைக்கச் சொல்லுங்கள். ஐந்து பாகம் மலைப்பாக இருந்தால் 'பார்த்திபன் கனவு' போதும்.

பதினைந்துக்கு மேல் ஜெயகாந்தன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்தவர். நெய்வேலியிலிருந்து பஸ்ஸில் கடலூர் வந்து இறங்கும் பாட்டியின் 'யுகசந்தி' கதையை முதலில் கொடுங்கள். அந்த பஸ்ஸில் போய்வருகிற பிள்ளைக்கு முன்னுரை தேவையில்லை. கடைசிக் காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்த கி.ரா.வின் (கி. ராஜநாராயணன்) 'பிஞ்சுகள்' பன்னிரண்டிலேயே படிக்கலாம், கரிசல் சொற்களை மட்டும் நீங்கள் விளக்க வேண்டியிருக்கும். ஆசிரியர் பெயரை நம்பி மொத்தமாக அள்ளாதீர்கள்: அவருடைய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு ஒன்றின் தலைப்பே 'வயது வந்தவர்களுக்கு மட்டும்'. பதினெட்டாம் நூற்றாண்டில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துப் புதுச்சேரியைப் பிரபஞ்சன் 'வானம் வசப்படும்' நாவலில் எழுதியிருக்கிறார். அது பிளஸ் டூ முடித்தவர்களுக்கு.

<b>கொடுக்கும் விதம்</b>

ஒன்றைக் கொடுத்தால் அது கட்டளை, மூன்றைக் கொடுத்தால் தேர்வு. மூன்றில் ஒன்று அளவுக்குச் சற்று எளிதாக, ஒன்று சரியாக, ஒன்று எட்டிப் பிடிக்கிற மாதிரி இருக்கட்டும். அரை நிமிஷத்தில் கதையின் சிக்கல் வரை சொல்லி நிறுத்துங்கள். "இதைப் படிச்சா தமிழ் நல்லா வரும்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். கசாயம் என்று தெரிந்தால் யார் குடிப்பார்கள்?

வாங்குவதற்கு முன் நூலகத்தில் எடுத்துப் பார்ப்பது லாபம். புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்தில் சிறுவர் பிரிவு இருக்கிறது. கடலூர்ப் பக்கத்தில் மாவட்ட மைய நூலகமும் கிளை நூலகங்களும் உண்டு. கிளை நூலகங்கள் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவைக் காட்டாதீர்கள். அலமாரியில் பிள்ளையே துழாவட்டும், நீங்கள் நாலடி தள்ளி நில்லுங்கள். புத்தகக் கண்காட்சியில் வழக்கமாகப் பத்து சதவீதம் கழிவு கிடைக்கும், நூலகத்தில் எடுத்து இரண்டாம் முறை கேட்ட புத்தகத்தை மட்டும் அங்கே வாங்குங்கள்.

பாதியில் விட உரிமை கொடுங்கள். படக்கதைக்கு ஐந்து பக்கம், நாவலுக்கு முப்பது பக்கம், அதற்கு மேல் வற்புறுத்த வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டில் தலைப்பு, நிறுத்திய பக்கம், காரணம் மூன்றையும் எழுதிவையுங்கள். 'பொடி எழுத்து', 'பேர் குழப்பம்', 'நாய் செத்துப்போச்சு' என்று இரண்டு சொல் போதும். ஏழெட்டுப் பதிவு சேர்ந்ததும் அந்த நோட்டையே கடைக்காரரிடமோ நூலகரிடமோ காட்டுங்கள், அப்போது தெனாலிராமன் வரமாட்டார்.